வளர்ச்சிக் காரணிகளைப் பத்திரப்படுத்துவது எப்படி? செல் வளர்ப்புக் கூடத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு செல் வளர்ப்புக் கூடத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்கள் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்காமல் விடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

வளர்ச்சிக் காரணி என்பது என்ன? இதை ஏன் இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்?

செல்லுக்கு வெளியிலிருந்து வந்து, அதன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் ஒட்டிக்கொண்டு "வளர்", "பிரி", "உயிரோடு இரு", "வேறொன்றாக மாறு" என்று சேதி சொல்லும் புரதம்தான் வளர்ச்சிக் காரணி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தாலியின் தூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருக்களை ஆராய்ந்தவர் ரீட்டா லெவி மோன்தால்சினி. பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றியபோது, 1952-இல் கட்டி வளர்ந்த எலிகளை ஒரு சிறு பெட்டியில் வைத்துக்கொண்டு விமானத்தில் ரியோ டி ஜெனீரோவுக்குப் போனார். செல் வளர்ப்பில் தேர்ந்த தோழி ஒருவர் அங்கே இருந்தார். அங்கே கண்ணாடித் தட்டில் நரம்பிழைகள் கதிர் கதிராக நீண்டதைப் பார்த்துத்தான், நரம்பு வளர்ச்சிக் காரணி ஒன்று இருக்கிறது என்று அவருக்கு உறுதிப்பட்டது. அவரோடு வேலை செய்த ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிய குட்டிகள் வழக்கத்துக்கு முன்பே கண் திறப்பதைக் கவனித்தார். அந்தத் தடத்தில் போனவர் 1962-இல் மேல்தோல் வளர்ச்சிக் காரணியை, அதாவது ஈஜிஎஃப்பை, அறிவித்தார். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதங்கள் நானோகிராம் அளவில் வேலை செய்பவை. சரியான வடிவில் மடிந்திருந்தால்தான் ஏற்பி அவற்றை அடையாளம் காணும். ஈஜிஎஃப்பில் 53 அமினோ அமிலங்கள்தான் இருக்கின்றன. மூன்று கந்தகப் பாலங்கள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் அது நன்றாகவே தாங்கும். எஃப்ஜிஎஃப்-2 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி அப்படியல்ல, உடல் வெப்பத்திலேயே அது தளர்ந்துபோகும். விலையும் சாதாரணமல்ல. சில குப்பிகளின் விலை ஓர் ஆராய்ச்சி மாணவரின் மாத உதவித்தொகையைத் தொட்டுவிடும்.

ஆனால் விலையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. கெட்டுப்போன பால் திரியும், கெட்டுப்போன சோறு நாறும். கெட்டுப்போன வளர்ச்சிக் காரணியோ நிறம் மாறாது, மணக்காது, பெரும்பாலும் கலங்கக்கூட மாட்டாது. அது கெட்டதைச் செல்கள்தான் சொல்ல வேண்டும். அவை சொல்வதற்குள் மூன்று வாரம் போயிருக்கும். மாணவர் அதற்குள் செல்லைச் சந்தேகித்திருப்பார், செல்களுக்கு ஊட்டும் சீரத்தை, அதாவது ரத்தத் தெளிநீரை, சந்தேகித்திருப்பார், கடைசியில் தன் கையையே சந்தேகிக்கத் தொடங்கியிருப்பார்.

பார்சல் வந்து சேர்ந்தபோது உள்ளே இருந்த ஐஸ் பொதி உருகியிருந்தது. எல்லாம் வீணாகிவிட்டதா?

குப்பியில் இருப்பது உறையவைத்து உலர்த்திய தூளா, திரவமா என்று முதலில் பாருங்கள். தூள் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நீர் இல்லாத நிலையில் புரதம் அசையாமல் கிடக்கும். பல நிறுவனங்கள் இந்தத் தூளைச் சாதாரண வெப்பநிலையிலேயே அனுப்புகின்றன. வந்தவுடன் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டால் போதும். உறைந்த திரவமாக அனுப்பியது உருகியிருந்தால் அது வேறு விஷயம். அதைப் பயன்படுத்தாமல், பெட்டியையும் குப்பியையும் படம் எடுத்து, அன்றைக்கே விற்பனையாளருக்கு எழுதுங்கள். எப்படியிருந்தாலும் வந்த தேதியையும், திறந்தபோது இருந்த நிலையையும் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரிக்காக ஏங்க வேண்டிவரும்.

குப்பிக்குள் எதுவுமே தெரியவில்லையே. காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்களா?

இல்லை. சமையல் தூள் உப்பின் ஒரு பரல் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் எடை இருக்கும். உங்கள் குப்பியில் இருப்பது 10 மைக்ரோகிராம். அதுவும் பரலாகத் திரளாமல், அடியிலோ பக்கச் சுவரிலோ மூடியின் உட்புறத்திலோ மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். சில குப்பிகளில் வெள்ளைத் துணுக்கு போல ஏதாவது தெரியும். அது பெரும்பாலும் கூடச் சேர்த்த உப்போ சர்க்கரையோதான்.

எங்கள் கூடத்தில் ஒரு மாணவி இப்படித்தான் "காலி" என்று நினைத்து ஒரு குப்பியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார். மூடியைத் திறக்காமல் போட்டதுதான் நல்லதாயிற்று. தேடி எடுத்து, வெளிப்புறத்தை எழுபது சதவீத ஆல்கஹாலில் துடைத்து, சுழற்றி, கரைத்துப் பார்த்தோம், குறையில்லாமல் வேலை செய்தது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் குப்பியையும் திறக்கும் முன் சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை சுழற்ற வேண்டும். மூடியிலும் சுவரிலும் ஒட்டியிருப்பது அடிக்கு இறங்கும். சுழற்றாமல் மூடியைத் திருகினால், கண்ணுக்குத் தெரியாத துகள் காற்றோட்டத்தில் போய்விடும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் திறக்கலாமா?

கூடாது. பானைத் தண்ணீரை மொண்டு வைத்த செம்பு வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் குளிர்ந்த குப்பியைத் திறந்தால் அதே வியர்வை உள்ளே, தூளின் மேல் படியும். முழுவதையும் உடனே கரைக்கப்போகிறீர்கள் என்றால் பாதிப்பு குறைவுதான். திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடி வைப்பவர்களுக்குத்தான் பெரிய சேதம். மூடிய நிலையிலேயே பதினைந்து இருபது நிமிடம் மேசையில் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்தபின் சுழற்றி, பிறகு திறங்கள்.

எதில் கரைப்பது? தண்ணீர் போதாதா?

குப்பியோடு வரும் தாளைப் படியுங்கள். அதில் எழுதியிருப்பதற்கு மேல் என் வார்த்தை செல்லாது. இருந்தாலும் காரணம் தெரிந்தால் மறக்காது என்பதால் சொல்கிறேன்.

ஈஜிஎஃப் போன்றவை தூய நீரிலோ, பிபிஎஸ் என்று நாம் சொல்லும் பாஸ்பேட் உப்புக் கரைசலிலோ எளிதாகக் கரையும். டிஜிஎஃப்-பீட்டா, பிஎம்பி வகை வளர்ச்சிக் காரணிகளுக்கு நடுநிலைக் கரைசல் ஒத்துவராது. அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அவற்றை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கச் சொல்கிறார்கள். தயாரிப்பது எளிது. 1 மோலார் அமிலத்தில் 40 மைக்ரோலிட்டரை எடுத்து, நீர் சேர்த்து 10 மில்லிலிட்டராக்கினால் முடிந்தது. அதில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் பிஎஸ்ஏ, அதாவது மாட்டு அல்புமின், சேர்த்துக் கிருமி நீக்க வடிகட்டியில் வடித்துவிட்டு, அதன்பிறகு அதைக் குப்பியில் விட வேண்டும்.

"அமிலம் செல்லைக் கொன்றுவிடாதா?" என்று உடனே கேட்பார்கள். நீங்கள் அதை மீடியத்தில், அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தில், ஆயிரம் மடங்குக்கு மேல் நீர்க்கச் செய்யப்போகிறீர்கள். 4 மில்லிமோலார் என்பது 4 மைக்ரோமோலார் ஆகிவிடும். டிஎம்இஎம் என்ற வழக்கமான மீடியத்தில், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் 44 மில்லிமோலார் இருக்கிறது. அதன் முன்னால் இந்த அமிலம் ஒன்றுமேயில்லை.

இப்போது கரைக்கும் விதம். வரவேண்டிய செறிவு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். குப்பியில் 50 மைக்ரோகிராம் இருந்தால் 500 மைக்ரோலிட்டர் விடுங்கள். பைப்பெட் டிப்பின் முனையைக் குப்பிச் சுவரில் சாய்த்து, திரவம் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கும்படி மெதுவாக விட வேண்டும். மூடியைப் போட்டு, குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுங்கள். ஒருமுறை கவிழ்த்து மூடியின் உட்புறத்தையும் நனையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே நிற்கட்டும். மறுபடி ஒரு சிறு சுழற்சி. வோர்டெக்ஸ் கருவியில் வைத்து உலுக்காதீர்கள், பைப்பெட்டால் வேகமாக உறிஞ்சி உறிஞ்சி விடவும் செய்யாதீர்கள். நுரை எழும்பினால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு பெருகுகிறது. அந்தப் பரப்புக்கு வந்த புரதம் தன் மடிப்பை விரித்துவிடுகிறது. மோர் கடைகிற வேகம் இங்கே ஆகாது.

பிஎஸ்ஏ எதற்கு? அதுவும் ஒரு புரதம்தானே, சோதனையைக் கெடுக்காதா?

அனுபவம் உள்ளவர்கள்கூட இதில் அசட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் நமக்கு வழுவழுப்பாகத் தெரிகின்றன. புரதத்துக்கு அது பசை தடவிய சுவர். குழாயின் உட்சுவரில் குறிப்பிட்ட அளவு புரதம் ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. கரைசலில் புரதம் நிறைய இருந்தால், ஒட்டியது போக மிச்சம் தாராளமாக இருக்கும். நீங்கள் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று நீர்க்கச் செய்து வைத்தால், உள்ளதில் பெரும்பகுதியைச் சுவரே பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் குழாயில் "100" என்று எழுதியிருப்பீர்கள். செல்லுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

பிஎஸ்ஏ 0.1 சதவீதம் சேர்த்தால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அல்புமின் இருக்கும். 100 நானோகிராம் காரணியோடு ஒப்பிட்டால் பத்தாயிரம் மடங்கு. பஸ் வருவதற்கு முன்பே துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, சுவரில் உள்ள இருக்கைகளையெல்லாம் அல்புமின் பிடித்துக்கொள்ளும். காரணி கரைசலிலேயே நின்றுவிடும். உறையும்போதும் அல்புமின் காப்பாக இருக்கிறது.

சாதாரண செல் வளர்ப்பில் இது எதையும் கெடுக்காது. சீரம் சேர்த்த மீடியத்தில் ஏற்கனவே அல்புமின் ஏராளம். ஆனால் விலங்குக்கு ஊசி போடுவதற்கோ, புரதத்தோடு சாயத்தையோ வேறு மூலக்கூறையோ இணைப்பதற்கோ, விலங்குப் பொருள் அறவே கூடாது என்ற வளர்ப்புக்கோ பிஎஸ்ஏ ஆகாது. அப்போது கேரியர், அதாவது பிஎஸ்ஏ போன்ற துணைப் புரதம், இல்லாத குப்பியை வாங்க வேண்டும். கேரியர் இல்லாததை வாங்கினால் செறிவைக் குறைக்காதீர்கள். புரதம் குறைவாக ஒட்டும் பாலிப்ரொப்பிலீன் குழாய்களையே பயன்படுத்துங்கள். மனித அல்புமினோ ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையோ சேர்க்கலாமா என்று தாளில் பாருங்கள். தெளிந்த, நொறுங்கும் தன்மையுள்ள பாலிஸ்டைரீன் குழாய்களில் நீர்த்த காரணியை வைக்கவே வேண்டாம்.

கரைத்த பிறகு வடிகட்டலாமா?

வேண்டாம். சில நூறு மைக்ரோலிட்டரை வடிகட்டினால் பாதி படலத்தில் தங்கும், மீதியில் ஒரு பகுதி வடிகட்டியின் கூட்டுக்குள் தேங்கும். கரைக்கும் திரவத்தை முதலில் வடிகட்டுங்கள், காரணியைக் கிருமியில்லாத சூழலில் சேருங்கள். மீடியத்தையும் அப்படியே செய்யலாம். கலந்த பிறகு வடிகட்டியே ஆகவேண்டும் என்றால், புரதம் குறைவாக ஒட்டும் பிஇஎஸ் அல்லது பிவிடிஎஃப் படலத்தையே எடுங்கள்.

எவ்வளவு எவ்வளவாகப் பிரித்து வைப்பது?

ஒரு வாரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. கணக்கு போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கரைசல் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், 500 மைக்ரோலிட்டர் இருக்கிறது. மீடியத்தில் வேண்டியது மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். வாரத்துக்கு 200 மில்லிலிட்டர் மீடியம் செலவாகிறது. 200-ஐ 10-ஆல் பெருக்கினால் 2,000 நானோகிராம், அதாவது 2 மைக்ரோகிராம். கரைசலில் அது 20 மைக்ரோலிட்டர். ஆக, 20 மைக்ரோலிட்டராக 25 குழாய்கள், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு வரும். பத்து மைக்ரோலிட்டருக்குக் கீழே போகாதீர்கள். துளி சிறிதாக ஆக, சுவர் தின்னும் பங்கும் உலர்ந்துபோகும் பங்கும் கூடிக்கொண்டே போகும்.

பிரிப்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உறைவதும் உருகுவதும்தான் புரதத்துக்குப் பெரிய அடி. நீர் உறையும்போது தூய பனிக்கட்டியாகத் தனியே பிரிகிறது. உப்பும் புரதமும் மிச்சமிருக்கும் துளி நீருக்குள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. சோடியம் பாஸ்பேட் கரைசலில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. அதில் உள்ள இரண்டு பாஸ்பேட் உப்புகளில் காரத்தன்மை கொண்ட உப்பு முந்திப் படிகமாகிவிடும். மேசையில் பிஎச் 7.4 காட்டிய கரைசல், உறையும் வழியில் 4-ஐ நெருங்கும் அளவுக்கு அமிலமாக மாறக்கூடும். உருகியபின் அளந்தால் பழையபடி 7.4 காட்டும். நடந்தது எதுவும் வெளியே தெரியாது. ஒவ்வொரு முறை உறையும்போதும் புரதத்துக்கு இந்தச் சோதனை நடக்கிறது.

அதனால் பிரித்த குழாய்களை ட்ரை ஐஸில், அதாவது உறைந்த கரியமில வாயுவில், புதைத்தோ, திரவ நைட்ரஜனில் அடிப்பகுதியைத் தொடவைத்தோ சட்டென்று உறையவையுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் முன்கூட்டியே மைனஸ் 80-இல் குளிரவைத்த உலோகத் தாங்கியில் நிறுத்துங்கள். எடுக்கும்போது ஐஸின் மேல் வைத்து மெதுவாக உருகவிட்டு, மெல்லத் தட்டிக் கலந்து, உடனே பயன்படுத்துங்கள்.

மைனஸ் 20 போதுமா, மைனஸ் 80 வேண்டுமா?

உலர்ந்த தூளுக்கு மைனஸ் 20 போதும். கரைத்ததற்கு மைனஸ் 80 நல்லது. கேரியர் சேர்த்தது மைனஸ் 20-இல் சில மாதங்கள் இருக்கும்.

ஆனால் எந்த மைனஸ் 20 என்பதுதான் என் கேள்வி. வீட்டு உபயோக ஃப்ரீசர்களில் பனி கட்டாமல் இருக்க, அவ்வப்போது தானாகவே சூடேறி உறைபனியை உருக்கும் அமைப்பு உண்டு. ஐஸ்கிரீமுக்கு அது நல்ல வசதி. 20 மைக்ரோலிட்டர் கரைசலுக்கோ ஒவ்வொரு சூடேற்றமும் பாதி உருகலாக முடியும். வாரக்கணக்கில் யாரும் தொடாமலேயே குழாய் பலமுறை உருகி உறைந்திருக்கும். பனி கட்டினால் கையால் சுரண்ட வேண்டிய பழைய வகை ஃப்ரீசர்தான் நமக்கு ஏற்றது. கதவுத் தட்டில் வைக்காதீர்கள். பின்பக்கம், கீழ்த்தட்டு, மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நாங்கள் ஜெனரேட்டரை நம்பியிருந்தோம், டீசல் வந்து சேர வழியில்லாமல் போயிற்று. மறுநாள் காலை நடந்தே போய்க் கூடத்தைத் திறந்தபோது, ஃப்ரீசரின் அடியில் தண்ணீர் ஒரு கோடாக ஓடியிருந்தது. உள்ளே எது உருகியது, எது உருகவில்லை என்று சொல்ல வழியில்லை. மின்சாரம் திரும்பியதும் எல்லாம் மறுபடி உறைந்து, ஒன்றுமே நடக்காததுபோல நின்றன. கரைத்து வைத்திருந்த எல்லாக் குழாய்களையும் கணக்கில் இல்லாதவை என்று ஒதுக்கினோம். மனம் வலித்தது. உலர்ந்த தூளாக இருந்த குப்பிகளை வைத்துக்கொண்டோம், அவை பின்னர் நன்றாகவே வேலை செய்தன. அந்த வாரத்திலிருந்துதான், உடனே தேவைப்படாததைக் கரைக்கவே கூடாது என்பது எங்கள் கூடத்தின் கட்டளையாயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஃப்ரீசரிலும் ஒரு சிறிய கப்பில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருக்கிறோம். நாணயம் மேலேயே இருந்தால் உள்ளே உருகவில்லை. கப்பின் அடியில் கிடந்தால், ஆளில்லாத நேரத்தில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. பேட்டரியில் ஓடும், உச்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானியும் வாங்கி வைத்தோம். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் நான் முதலில் பார்ப்பது அந்த நாணயத்தைத்தான்.

மின்சாரம் நின்றவுடன் கதவைத் திறந்து பார்க்கத் தோன்றும். திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் காலியானதைவிட நெடுநேரம் குளிரைத் தாங்கும். இடம் காலியாக இருந்தால் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்பிவையுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே ட்ரை ஐஸுக்குச் சொல்லிவையுங்கள்.

உருக்கிய குழாயில் மிச்சம் இருக்கிறது. மறுபடி உறையவைக்கலாமா?

வேண்டாம். கேரியர் சேர்த்ததாக இருந்தால் 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்கும் மிஞ்சினால் கொட்டிவிடுங்கள்.

மீடியத்தில் கலந்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

காரணியைப் பொறுத்தது. 4 டிகிரியில் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை. 37 டிகிரியில் நிலைமை வேறு. எஃப்ஜிஎஃப்-2 அந்த வெப்பத்தில் ஒரு நாளுக்குள்ளேயே தன் வீரியத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். மனிதக் குருத்தணு வளர்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட வந்து மீடியம் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறைச் சேர்த்தால் எஃப்ஜிஎஃப்-2 கூடுதலாகத் தாங்கும். உடலிலும் அதன் உறவான ஹெப்பாரான் சல்ஃபேட்டைப் பற்றிக்கொண்டுதான் இந்தக் காரணி நிலைத்திருக்கிறது. செக் குடியரசின் பர்னோ நகர ஆய்வாளர்கள் எஃப்ஜிஎஃப்-2இல் ஒன்பது அமினோ அமிலங்களை மாற்றி, 37 டிகிரியில் அதன் அரை ஆயுளை, அதாவது வீரியம் பாதியாகும் நேரத்தை, பத்து மணி நேரத்திலிருந்து இருபது நாளுக்கு மேல் நீட்டியதை 2018-இல் வெளியிட்டார்கள். இப்போது இத்தகைய வெப்பம் தாங்கும் வகைகள் விற்பனையிலும் கிடைக்கின்றன. வார இறுதி விடுப்பு கேட்கும் மாணவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஒரு கெட்ட பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காரணி கலந்த 500 மில்லிலிட்டர் பாட்டிலை முழுசாகத் தினமும் வெந்நீர்த் தொட்டியில் வைத்து, 30 மில்லிலிட்டர் எடுத்துக்கொண்டு, திரும்பக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். பத்தாம் நாள் பாட்டிலில் இருப்பது வெறும் மீடியம்தான். அன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறு குழாயில் ஊற்றிச் சூடாக்குங்கள். இன்னும் நல்லது, மீடியத்தைச் சூடாக்கிவிட்டுக் காரணியைக் கடைசியில் சேர்ப்பது.

காலாவதித் தேதி தாண்டிவிட்டது. தூக்கி எறிய வேண்டுமா?

உலர்ந்து, மூடி திறக்காமல் மைனஸ் 20-இல் இருந்திருந்தால் சோதித்துப் பாருங்கள். புதிய குப்பி ஒன்றையும் பழையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, அந்தக் காரணிக்குப் பெருகும் செல்களைச் சீரமில்லாமல் பட்டினி போட்டு, ஏழெட்டுச் செறிவுகளில் கொடுத்து, ஒவ்வொரு செறிவிலும் செல்கள் எவ்வளவு பெருகின என்பதை வளைகோடாக வரையுங்கள். இரண்டு வளைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் பழையதையும் பயன்படுத்தலாம். பழையது வலப்பக்கம் தள்ளிப்போனால், எவ்வளவு தள்ளியதோ அவ்வளவு வீரியம் போய்விட்டது. ஒரே ஒரு செறிவில் மட்டும் சோதிக்காதீர்கள். அது உச்ச அளவாக இருந்தால், பாதி செத்த காரணிகூட முழுப் பலன் தருவதாகக் காட்டும். ஆய்வேட்டில் சேரப்போகும் சோதனைக்கு மட்டும், வளைகோடு எப்படி இருந்தாலும் புதியதையே எடுங்கள்.

வேறு நிறுவனத்தின் காரணிக்கு மாறுகிறோம். அதே நானோகிராம் கணக்கு சரிவருமா?

எடை ஒன்றாக இருந்தாலும் வீரியம் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தாளில் இடி-50 என்று ஓர் எண் இருக்கும். உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு அது. பத்து லட்சத்தை அந்த நானோகிராம் எண்ணால் வகுத்தால், ஒரு மில்லிகிராமில் எத்தனை அலகு வீரியம் என்று வரும். இடி-50 மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் என்றால் மில்லிகிராமுக்கு ஒரு கோடி அலகு. இரண்டு நிறுவனங்களும் ஒரே செல்லில் சோதித்திருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும்.

எந்த உயிரினத்தின் புரதம் என்பதையும் பாருங்கள். உதாரணத்துக்கு எல்ஐஎஃப் என்ற காரணி. மனித எல்ஐஎஃப் எலிச் செல்லில் வேலை செய்யும். எலியின் எல்ஐஎஃப் மனிதச் செல்லில் வேலை செய்யாது.

குழாயின் மேல் என்ன எழுத வேண்டும்?

காரணியின் பெயர், உயிரினம், செறிவு அலகோடு, எதில் கரைத்தது, கேரியர் உண்டா இல்லையா, லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து. சிறு குழாயில் இவ்வளவுக்கும் இடமில்லை என்பது உண்மைதான். அதனால் குழாயில் ஒரு வரிசை எண்ணும் பெயரும் செறிவும் தேதியும் எழுதி, மற்றதைப் பெட்டி மூடியிலும் பதிவேட்டிலும் எழுதுங்கள். ஆல்கஹால் பட்டால் சாதாரண மை கரைந்தோடிவிடும். உறைகுளிரைத் தாங்கும் லேபிளில் பென்சிலால் எழுதினால் பத்து வருடம் நிற்கும்.

ஒருமுறை எங்கள் மைனஸ் 80-இல் "டிஜிஎஃப் 10" என்று மட்டும் எழுதிய பன்னிரண்டு குழாய்கள் கிடைத்தன. பத்து மைக்ரோகிராமா, பத்து நானோகிராமா, பத்து மைக்ரோலிட்டரா? எழுதியவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டோம், அவருக்கும் நினைவில்லை. பன்னிரண்டையும் எறிந்தோம்.

பக்கத்து ஊர்க் கல்லூரிக்குக் கொஞ்சம் கொடுத்து உதவ வேண்டும். பஸ்ஸில் எடுத்துப்போகலாமா?

திறக்காத தூள் குப்பியாகக் கொடுக்க முடிந்தால் அப்படியே கொடுங்கள், ஒரு ஐஸ் பொதியோடு தெர்மோகோல் பெட்டியில் போனால் போதும். உறைந்த குழாய்களை உறைநிலையிலேயே கொண்டுபோக ட்ரை ஐஸ் வேண்டும். அது ஆவியாகிக் கரியமில வாயுவாகும், இறுக மூடிய பிளாஸ்கில் வைத்தால் வெடிக்கும், ஜன்னல் மூடிய ஏசி பஸ்ஸில் மூச்சுத் திணறலும் வரலாம். அதனால் பயணிகள் பஸ்ஸில் ட்ரை ஐஸ் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரப் பயணம் என்றால், ஐஸ் பொதிகளுக்கு நடுவே வைத்து 4 டிகிரியில் திரவமாகவே கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் உறையவைக்க வேண்டாம், இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.